மின் நிலையத்தில் கணக்காளரும் கெமிஸ்டும்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள சபாக்கிலிருந்து ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் தெற்கே இறங்கினால் சுங்கை பெசார், செகிஞ்சான், தஞ்சோங் காராங், கோல சிலாங்கூர், ஜெராம் தாண்டிக் காப்பார் வரும். அங்கே கடலோரத்தில் சுல்தான் சலாஹுடின் அப்துல் அசிஸ் மின் நிலையம் இருக்கிறது. 1980களில் தொடங்கிக் கட்டம் கட்டமாக 2,420 மெகாவாட் திறனுக்கு வளர்ந்த நிலையம் அது. அதே சாலையில் வடக்கே பெர்ணம் ஆற்றைக் கடந்து உத்தான் மெலிந்தாங், தெலுக் இந்தான், சித்தியவான் என்று போனால் மஞ்சோங் கடற்கரையில் சுல்தான் அஸ்லான் ஷா மின் நிலையம். அது ஏறக்குறைய 4,100 மெகாவாட். தீபகற்பத்தின் பெரிய நிலக்கரி மின் நிலையங்கள் இரண்டுக்கு நடுவே சபாக் இருக்கிறது.

இப்படி இருந்தும், மின்சார வேலை என்றவுடன் நம் தோட்டத்துக் குடும்பங்களுக்கு நினைவுக்கு வருவது கம்பம் ஏறுகிறவரும் என்ஜினியரும்தான். கணக்கியல் படித்த பிள்ளை வங்கிக்கும் கிள்ளான் தொழிற்சாலை அலுவலகத்துக்கும் மனு போடுகிறது. வேதியியல் படித்த பிள்ளை ஆசிரியர் வேலைக்குக் காத்திருக்கிறது. கணக்காளர் இல்லாமல் மின் நிறுவனத்தால் ஒரு சென் கட்டணம் வசூலிக்க முடியாது. கெமிஸ்ட் இல்லாமல் கொதிகலனைப் பத்திரமாக ஓட்ட முடியாது. இந்த இரண்டு வேலைகளும் என்ன, யார் தருகிறார்கள், எப்படித் தயாராவது என்பதை இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். தெனாகா நேஷனல் வேலை அரசாங்க வேலையா? தாத்தா காலத்தில் ஆம். 1949 செப்டம்பர் 1ஆம் தேதி மத்திய மின்சார வாரியம் தொடங்கியது. 1965இல் அது தேசிய மின்சார வாரியம் ஆனது. மலாயில் லெம்பாகா லெட்ரிக் நெகாரா. ஊரில் இன்றும் பெரியவர்கள் ‘லெட்ரிக் போர்டு’ என்பது அதைத்தான். 1990 செப்டம்பர் 1ஆம் தேதி, அதற்கென்றே இயற்றிய சட்டத்தின்படி, வாரியத்தின் சொத்தும் கடமையும் ஆட்களும் தெனாகா நேஷனல் பெர்ஹாட் (டிஎன்பி) என்ற நிறுவனத்துக்கு மாறின. 1992இல் அது பங்குச் சந்தைக்கும் வந்துவிட்டது. கசானா, ஊழியர் சேமநிதி வாரியம், பெர்மோடாலான் நேஷனல் போன்றவை அதன் பெரிய பங்குதாரர்கள். நிதியமைச்சிடம் தனி உரிமையுள்ள சிறப்புப் பங்கு ஒன்றும் இருக்கிறது. அதனால் பொது மக்களுக்கான நிறுவனம் என்ற தன்மை போகவில்லை. ஆனால் அங்கே வேலை செய்கிறவர் அரசு ஊழியர் அல்லர். அவருக்கு இபிஎப் உண்டு, சொக்சோ உண்டு, நிறுவனத்தின் சொந்தச் சம்பள அமைப்பு உண்டு. பொதுச் சேவை ஆணையம் (எஸ்.பி.ஏ.) அவரை நியமிப்பதில்லை.

பார்க்கச் சின்ன வேறுபாடு. விளைவு பெரிது. எஸ்.பி.ஏ.வில் பதிந்துவிட்டு ‘தெனாகாவிலிருந்து கூப்பிடுவார்கள்’ என்று வருடக்கணக்கில் காத்திருக்கும் பிள்ளைக்கு அழைப்பு வரவே வராது. தெனாகா தன் ஆட்களைத் தானே எடுக்கிறது, தன் இணையதளத்தில் தானே விளம்பரம் செய்கிறது. அந்த விளம்பரமும் எப்போதும் ‘தெனாகா நேஷனல்’ என்ற பெயரில் வருவதில்லை. மின் உற்பத்திக்கு டிஎன்பி பவர் ஜெனரேஷன், ஆய்வுக்குக் காஜாங் பக்கம் டிஎன்பி ரிசர்ச், நிலக்கரி வாங்க டிஎன்பி ஃபியூவல் சர்வீசஸ் என்று துணை நிறுவனங்கள் இருக்கின்றன. காப்பார் நிலையம் காப்பார் எனர்ஜி வெஞ்சர்ஸ் என்ற நிறுவனத்துடையது. அதில் 60 விழுக்காடு தெனாகாவுடையது, 40 விழுக்காடு மலாக்கோஃப் என்ற நிறுவனத்துடையது. வேலை தேடுகிறவர் இந்தப் பெயர்களையெல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டு தேட வேண்டும். சபாவில் சபா எலெக்ட்ரிசிட்டி, சரவாக்கில் மாநில அரசுக்குச் சொந்தமான சரவாக் எனர்ஜி ஆகியவை தனித் தனியாக ஆள் எடுக்கின்றன.

அரசாங்க வேலைதான் வேண்டும் என்கிறவருக்கும் இதே படிப்பில் இடம் இருக்கிறது. கணக்காளர் பதவிக்குத் தேசியக் கணக்காளர் துறை, வேதியியல் பட்டத்துக்குப் பெட்டாலிங் ஜெயாவில் தலைமையகம் கொண்ட மலேசிய இரசாயனத் துறை. இவை எஸ்.பி.ஏ. வழியே நிரப்பப்படும் பதவிகள். முன்பு 41ஆம் கிரேடு என்று சொன்ன பட்டதாரித் தொடக்க நிலை, 2024 டிசம்பரில் வந்த புதிய ஊதிய அமைப்பில் 9ஆம் கிரேடு ஆகிவிட்டது. பழைய விளம்பரத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். புத்ராஜெயாவில் இருக்கும் எரிசக்தி ஆணையம் இன்னொரு இடம். 2001ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அந்த ஆணையம்தான் மின்கட்டணத்தையும் மின் நிறுவனங்களையும் மேற்பார்க்கிறது. தெனாகாவின் கணக்கைச் சரிபார்க்கத் தெரிந்தவர்கள் மேசையின் அந்தப் பக்கத்திலும் தேவைப்படுகிறார்கள்.

இனி கெமிஸ்ட் வேலை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அறிந்தவர் குறைவு.

நிலக்கரி மின் நிலையம் என்பது அடிப்படையில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அந்த நீராவியால் டர்பைனைச் சுழற்றும் இடம். எரிப்பது நிலக்கரி என்றாலும் உள்ளே ஓடுவது தண்ணீர். அந்தத் தண்ணீர் சாதாரணத் தண்ணீராக இருக்க முடியாது. குழாய்த் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் கொதிகலன் குழாய்களின் உட்புறம் படிந்தால், வெப்பம் தண்ணீருக்குப் போகாமல் குழாயே சூடேறி வெடிக்கும். சிலிக்கா நீராவியோடு கலந்து போய் டர்பைன் இறக்கைகளில் கண்ணாடி போல் ஒட்டிக்கொள்ளும். ஆகவே தாதுக்களையெல்லாம் நீக்கி, கிட்டத்தட்ட வெறும் எச்2ஓ என்ற நிலைக்குத் தண்ணீரைக் கொண்டுவர வேண்டும். அதில் சிலிக்கா எவ்வளவு என்பதை நூறு கோடியில் இத்தனை பங்கு என்ற அளவில் பார்ப்பார்கள். தண்ணீர் அமிலமாகிக் குழாயை அரிக்காதபடி அமோனியா சேர்த்து பி.எச். அளவை ஒன்பதுக்கு மேல் நிறுத்துவார்கள். கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் துரு உண்டாக்கும் என்பதால் அதையும் கண்காணிப்பார்கள்.

காப்பாரும் மஞ்சோங்கும் கடற்கரையில் இருப்பதற்கு இரண்டு காரணம். ஒன்று, நிலக்கரி கப்பலில் வருகிறது. இன்னொன்று, டர்பைனிலிருந்து வெளிவரும் நீராவியைக் குளிர வைத்து மறுபடி தண்ணீராக்கக் கடல்நீர் வேண்டும். கண்டென்சர் என்ற பெரிய அறையில் ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்களுக்குள் கடல்நீர் ஓடும். குழாய்களுக்கு வெளியே நீராவி குளிரும். அந்தக் குழாய்களில் ஒன்றில் ஊசி முனையளவு ஓட்டை விழுந்தால் போதும், கடல் உப்பு சுத்தமான தண்ணீரில் கலந்துவிடும். உப்பில் உள்ள குளோரைடு சில மணி நேரத்திலேயே கொதிகலனுக்குக் கேடு செய்யத் தொடங்கும். இதை முதலில் காட்டுவது தண்ணீரின் மின் கடத்துதிறன் அளவி. அந்த அளவு உயர்வதைப் பார்த்து, அது கருவிக் கோளாறா உண்மையான கசிவா என்று சொல்ல வேண்டியவர் பணியில் இருக்கும் கெமிஸ்ட். அவர் ‘நிறுத்துங்கள்’ என்றால் பல நூறு மெகாவாட் இயந்திரத்தின் மின் உற்பத்தி குறையும், அல்லது அது நிற்கும். நிறுத்தினால் நிறுவனத்துக்கு நட்டம். நிறுத்தாமல் விட்டால் பல மாதங்களுக்கு நிலையமே படுத்துவிடலாம். இப்படிப்பட்ட முடிவுக்கு ஆதாரம் தரும் வேலையை ‘லேப்பில் குழாய் கழுவும் வேலை’ என்று நினைப்பது தவறு.

தண்ணீர் முடிந்தால் நிலக்கரி. மலேசியா எரிக்கும் நிலக்கரி பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும், மீதி ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்தும் வருகிறது. ஒவ்வொரு கப்பலின் சரக்கும் வேறு. ஈரம், சாம்பல், கந்தகம், கிலோவுக்கு எத்தனை கிலோகலோரி வெப்பம் என்பதெல்லாம் மாறும். முறைப்படி மாதிரி எடுத்து, பொடித்து, உலர்த்தி, பாம் கலோரிமீட்டர் என்ற கருவியில் எரித்து வெப்ப மதிப்பைக் கண்டுபிடிப்பார்கள். ஈரம் மிகுந்த, எளிதில் தீப்பற்றும் வகை நிலக்கரி குவியலிலேயே தானாகச் சூடேறிப் புகையும். அதைக் கவனிக்கவும் ஆய்வகத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். எரிந்த பின் புகைபோக்கியில் போகும் கந்தக டைஆக்ஸைடும் தூசியும் 2014ஆம் ஆண்டு தூய காற்று ஒழுங்குமுறை விதிகளின் வரம்புக்குள் இருக்க வேண்டும். மிச்சமாகும் சாம்பலைச் சுற்றுச்சூழல் விதிப்படி கையாள வேண்டும். காப்பாரிலிருந்து ஜெராம் வரை கடலோரத்தில் மீன் பிடித்தும் சிப்பி எடுத்தும் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்தப் புகை, சாம்பல் கணக்கு சரியாக இருப்பதில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

மூன்றாவது வேலை டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய். இது மின் நிலையத்துக்குள் அடங்கிய வேலையல்ல. நாடு முழுவதும் உள்ள துணை மின் நிலையங்களில் பெரிய டிரான்ஸ்ஃபார்மர்கள் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கின்றன. அந்த எண்ணெயில் கொஞ்சம் ஊசிக்குழலில் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, அதில் கரைந்திருக்கும் வாயுக்களை அளப்பார்கள். எத்திலீன் மிகுந்தால் எங்கோ அதிக சூடு. அசெட்டிலீன் தலைகாட்டினால் உள்ளே மின்பொறி பறந்திருக்கிறது. கார்பன் மோனாக்ஸைடு கூடினால் சுருளைச் சுற்றிய காகிதம் கருகுகிறது. மூடியைத் திறக்காமலே உள்ளே நடப்பதைச் சொல்லிவிடலாம். மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்ப்பது போன்றது இது. ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து ஊரே இருண்டு போவதை, நாலைந்து மாதத்துக்கு முன்பே ஒரு குப்பி எண்ணெய் தடுத்துவிட முடியும்.

கணக்காளர் வேலைக்கு வருவோம். கணக்காளரும் கெமிஸ்டும் சேரும் இடமாக நான் கருதுவது நிலக்கரிக் கப்பல். உதாரணத்துக்கு ஒரு கணக்கு போடலாம். கப்பலில் 70,000 டன் நிலக்கரி. ஒப்பந்தப்படி கிலோவுக்கு 5,000 கிலோகலோரி இருக்க வேண்டும், டன் விலை 80 அமெரிக்க டாலர். ஆய்வகத்தில் பார்த்தால் 4,900தான் வருகிறது. இரண்டு விழுக்காடு குறைவு. அதே விகிதத்தில் விலையைக் குறைத்தால் டன்னுக்கு 1.60 டாலர், மொத்தக் கப்பலுக்கு 1,12,000 டாலர். கெமிஸ்ட் எழுதிய ஓர் எண் கணக்காளரின் மேசைக்கு வரும்போது இவ்வளவு பணமாகிறது. மாதிரி எடுத்த முறை தவறு என்று விற்றவர் வாதிட்டால் அந்தப் பணம் போய்விடும். கணக்காளருக்கு ஆய்வறிக்கையைப் படிக்கத் தெரிய வேண்டும். கெமிஸ்டுக்குத் தன் அறிக்கையின் விலை தெரிய வேண்டும். நேர்முகத் தேர்வில் இரண்டையும் சேர்த்துப் பேசத் தெரிந்த பிள்ளை தனியாகத் தெரியும் என்பது என் உறுதியான எண்ணம்.

மின் நிறுவனத்தின் கணக்கு சாதாரண வணிகக் கணக்கிலிருந்து வேறுபடுகிறது. கடைக்காரர் விலையைத் தானே வைப்பார். தெனாகா அப்படி வைக்க முடியாது. ஊக்க அடிப்படையிலான ஒழுங்குமுறை என்ற அமைப்பின்கீழ், மூன்று ஆண்டுக்கு ஒரு முறை எரிசக்தி ஆணையம் நிறுவனத்தின் செலவு, முதலீடு, அனுமதிக்கத் தக்க ஆதாயம் ஆகியவற்றைப் பார்த்து அரசின் ஒப்புதலோடு கட்டணம் நிர்ணயிக்கிறது. இப்போது நடப்பது 2025 முதல் 2027 வரையிலான நான்காம் காலகட்டம். 2025 ஜூலை 1 முதல் தீபகற்பத்தில் சராசரி அடிப்படைக் கட்டணம் கிலோவாட் மணிக்கு 45.40 சென். அன்றிலிருந்து உங்கள் வீட்டு பில்லில் எரிசக்தி, திறன், வலையமைப்பு, சில்லறைச் சேவை என்று கட்டணம் பிரிந்து நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். முன்பு ஆறு மாதத்துக்கு ஒரு முறை எரிபொருள் விலை மாற்றத்தைச் சரிசெய்தார்கள். இப்போது அந்தச் சரிக்கட்டல் மாதா மாதம் நடக்கிறது. உலகச் சந்தையில் நிலக்கரி விலையும் ரிங்கிட்டின் மதிப்பும் அசையும் ஒவ்வொரு மாதமும் அதை ஒரு கணக்காளர் கூட்டம் சென் கணக்கில் எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது. மின் உற்பத்தி, அனுப்புதல், விநியோகம், மின்சாரம் கொள்முதல் செய்யும் பிரிவு என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கும் வேண்டும். ஒன்றின் செலவை இன்னொன்றில் ஒளித்தால் கடைசியில் அதைக் கட்டுகிறவர் நாம்தான்.

தனியார் மின் நிலையங்களோடு செய்த ஒப்பந்தங்கள் இன்னொரு பெரிய பகுதி. அவற்றுக்கு இரண்டு வகையில் பணம் தருகிறார்கள். நிலையம் தயாராக நிற்பதற்கு ஒன்று, உண்மையில் தந்த மின்சாரத்துக்கு மற்றொன்று. ஒப்பந்தம் 20, 25 ஆண்டு நீளும். அதைக் கணக்கில் எப்படிக் காட்டுவது என்பது தேர்ந்த கணக்காளர்களையே யோசிக்க வைக்கும் கேள்வி. சம்பளப் பட்டியல், பாக்கி வசூல், சரக்கறைக் கணக்கு என்று தெரிந்த வேலைகளும் உண்டு. அவற்றை இங்கே விரிக்கத் தேவையில்லை.

தகுதி என்ன? இரண்டு தொழிலுக்கும் மலேசியாவில் தனிச் சட்டம் இருக்கிறது. இது பலருக்குத் தெரியாது. 1967ஆம் ஆண்டு கணக்காளர் சட்டத்தின்படி மலேசியக் கணக்காளர் கழகமான எம்.ஐ.ஏ.வில் உறுப்பினராக இருப்பவரே தன்னைக் கணக்காளர் என்று சொல்லிக்கொள்ள முடியும். அதற்கு அங்கீகரித்த கணக்கியல் பட்டமோ ஏசிசிஏ, மிக்பா போன்ற தொழில்முறைத் தகுதியோ வேண்டும். அதோடு மூன்றாண்டு அனுபவமும் வேண்டும். கெமிஸ்டுக்கு 1975ஆம் ஆண்டுச் சட்டம். மலேசிய வேதியியல் கழகமான ஐ.கே.எம்.இல் பதிந்தவரே கெமிஸ்டாகத் தொழில் நடத்தலாம். பட்டம் வாங்கியவுடன் கையில் வந்துவிடும் பதிவு அல்ல இவை. வேலை பார்த்து, அனுபவத்தைக் காட்டிப் பெற வேண்டியவை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே என்ன செய்தோம், யார் மேற்பார்வையில் செய்தோம் என்று எழுதி வைத்துக்கொண்டு வந்தால் பின்னால் அலைய வேண்டியிருக்காது.

பட்டம் இல்லாதவருக்கும் கதவு உண்டு. டிப்ளோமா வைத்திருப்பவர் ஆய்வக உதவியாளராக, கணக்குப் பிரிவில் எக்ஸிகியூட்டிவுக்குக் கீழ்நிலைப் பணியாளராகச் சேரலாம். ஏசிசிஏ பாதையை எஸ்.பி.எம். முடித்த பிள்ளையும் அடித்தளப் படிப்பிலிருந்து தொடங்கலாம். 13 தாள்கள். வேலை பார்த்துக்கொண்டே எழுதி முடித்தவர்கள் நிறைய.

எங்கே படிப்பது? நாட்டில் கணக்கியல் மாணவர்களைப் பெருமளவில் உருவாக்கும் யூஐடிஎம் பூமிபுத்ராக்களுக்கானது. நம் பிள்ளைகள் அங்கே விண்ணப்பிக்க முடியாது. ஆகவே மலாயாப் பல்கலைக்கழகம், யூ.கே.எம்., யூ.எஸ்.எம்., யூ.பி.எம்., கணக்கியலுக்கு சிந்தோக்கில் உள்ள யூ.யூ.எம். என்று பார்க்க வேண்டும். எஸ்.டி.பி.எம். எடுத்தால் இந்த வாசல்கள் குறைந்த செலவில் திறக்கும். ஆறாம் படிவத்தைத் தாழ்வாக நினைத்து, கடன் வாங்கித் தனியார் கல்லூரிக்கு ஓடும் வழக்கம் சபாக் வட்டாரத்தில் நல்லதல்ல என்பது என் கருத்து. தனியாரில் போவதானால் பேராக் கம்பாரில் உள்ள யூடார் பக்கத்தில் இருக்கிறது. அங்கே வேதியியல் பட்டமும் கணக்கியலும் உண்டு. தெனாகாவுக்கே சொந்தமான யூனிடென் பல்கலைக்கழகத்திலும் கணக்கியல் படிக்கலாம். தெனாகாவின் அறக்கட்டளையான யயாசான் தெனாகா நேஷனல் உபகாரச் சம்பளமும் கல்விக் கடனும் தருகிறது. எஸ்.பி.எம். முடிவு வந்த கையோடு அதன் அறிவிப்பைப் பார்க்க வேண்டும். காலக்கெடு குறுகியது.

இப்போது தோட்டத்துப் பிள்ளைகளுக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். கோல சிலாங்கூரிலும் சபாக் பெர்ணமிலும் செம்பனை ஆலைகள் இருக்கின்றன. ஆலையைக் கூர்ந்து பார்த்தால் அது ஒரு சின்ன மின் நிலையம். பழத்தின் நாரையும் ஓட்டையும் எரித்து, கொதிகலனில் நீராவி உண்டாக்கி, அதனால் டர்பைனை ஓட்டித் தன் மின்சாரத்தைத் தானே எடுக்கிறது. அங்கே ஆய்வகமும் உண்டு. எண்ணெயில் கொழுப்பமிலம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று பார்ப்பதோடு கொதிகலன் தண்ணீரின் பி.எச்., கடினத்தன்மை, சிலிக்கா ஆகியவற்றையும் சோதிப்பார்கள். வேதியியல் படிக்கும் மாணவர் தொழிற்பயிற்சிக்குக் கோலாலம்பூரில் இடம் தேடி அலைவதற்குப் பதில் இந்த ஆலை ஆய்வகத்தில் மூன்று மாதம் நின்றால், கொதிகலன் நீரை நேரில் சோதித்தவர் என்று தன் விண்ணப்பத்தில் எழுதலாம். நகரத்துப் பிள்ளைகள் பலரிடம் அந்த வரி இருக்காது. கணக்கியல் மாணவருக்கும் அப்படியே. தோட்ட அலுவலகத்தின் செக்ரோல், டன் கணக்கில் பழம் வாங்கும் பதிவு, உரச் சரக்குக் கணக்கு எல்லாம் அளவும் தரமும் பணமாக மாறும் கணக்குகள். நிலக்கரிக் கணக்கும் அதே தன்மையது. அப்பா, தாத்தா காலத்தில் ஆலையில் கொதிகலனுக்கு நெருப்புப் போட்டவர்கள் நம் ஆட்கள். இன்று அதே கொதிகலனின் தண்ணீரைச் சோதிக்கும் இடத்துக்கு அந்த வீட்டுப் பிள்ளை வர முடியும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

விளம்பரம் எப்போது வரும் என்று கேட்பார்கள். இதற்கென்று ஆண்டுக்கொரு தேதி கிடையாது. ஒரு மின் நிலையத்தில் கெமிஸ்டுகள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். ஒருவர் ஓய்வு பெற்றால்தான் ஓரிடம். கணக்காளர் இடம் அதைவிட அதிகம். அதனால் தெனாகாவின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் பெயரைப் பதிந்து, புதிய அறிவிப்பு மின்னஞ்சலுக்கு வரும்படி வைத்துக்கொள்வது நல்லது. அரசு சார்ந்த நிறுவனங்கள் பட்டதாரிகளுக்குச் சில மாதங்கள் பயிற்சி தரும் புரொட்டேஜ் திட்டமும் ஒரு வழி. 2011இல் எஸ்.எல்.1.எம். என்று தொடங்கியது அது. பயிற்சி முடிந்தால் நிரந்தர வேலை உறுதி என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் எம்.ஐ.ஏ.வும் ஐ.கே.எம்.உம் கேட்கும் அனுபவத்தின் முதல் பகுதி அங்கே கிடைக்கும்.

வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளில் ஓர் எச்சரிக்கை. ‘மின்வாரியத்தில் கணக்கு அதிகாரி, கெமிஸ்ட் வேலை’ என்று தமிழில் வருகிற அறிவிப்புகளில் பல தமிழ்நாட்டினுடையவை. அங்கே 1957இல் தொடங்கிய மின்சார வாரியத்தை டிஎன்இபி என்று சொல்வார்கள். நம் டிஎன்பியோடு ஓர் எழுத்துதான் வேறுபாடு. அந்த வேலைகள் இந்தியக் குடிமக்களுக்கு. 2022இல் வந்த சட்டத்துக்குப் பின் தமிழ்நாட்டுப் பொதுத்துறை நிறுவன வேலைகளுக்கு அரசுப் பணியாளர் தேர்வாணையமே ஆள் எடுக்கும் முறை வந்திருக்கிறது. மேட்டூர், தூத்துக்குடி அனல் மின் நிலையங்களில் கெமிஸ்டுகள் செய்வதும் இதே தண்ணீர், நிலக்கரிச் சோதனைதான் என்பதால் அந்தத் தேர்வுத் தாள்களைப் பயிற்சிக்குப் படிக்கலாம். விண்ணப்பிக்க முடியாது. தெனாகாவிலோ அரசாங்கத்திலோ இடம் வாங்கித் தருவதாகச் சொல்லி யாராவது பணம் கேட்டால், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். விண்ணப்பிக்கப் பணம் கட்ட வேண்டிய வேலை அல்ல இது.

நிலக்கரி நிலையங்களை மூடப்போகிறார்களே, அப்புறம் கெமிஸ்டுக்கு என்ன வேலை என்று படிக்கும் பிள்ளை கேட்டால் அது நியாயமான கேள்வி. 2023இல் அரசு வெளியிட்ட எரிசக்தி மாற்றத் திட்டத்தில் புதிய நிலக்கரி நிலையம் கட்டுவதில்லை என்ற முடிவு இருக்கிறது. 2044க்குள் நிலக்கரியை முற்றிலும் விடுவது இலக்கு. காப்பாரின் மின் கொள்முதல் ஒப்பந்தம் 2029 வரை. இன்று படிவம் 4 படிக்கும் பிள்ளை பட்டம் முடித்து வரும்போது காப்பாரின் நிலக்கரிக் கொதிகலன்கள் இன்றைய நிலையில் இருக்கும் என்று நம்பிப் படிக்கக் கூடாது. ஆனால் எரிவாயு நிலையங்களிலும் நீராவி இருக்கிறது, அதே தண்ணீர்ச் சோதனை இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர்கள் குறையப் போவதில்லை, சூரிய மின் பண்ணைகள் கூடக் கூட அவையும் கூடும். மின்கலச் சேமிப்பும் ஹைட்ரஜனும் வேதியியலை மேலும் கேட்கும். நிலக்கரிச் சோதனையை மட்டுமே நம்பாமல் தண்ணீரையும் எண்ணெயையும் சேர்த்துக் கற்றவருக்கு வேலை இருக்கும். கணக்காளருக்கு இந்த மாற்றமே வேலை. பழைய நிலையத்தின் மிச்ச மதிப்பு, அதைப் பிரித்து நிலத்தைச் சுத்தம் செய்ய ஒதுக்க வேண்டிய தொகை, புதிய முதலீட்டின் கட்டணப் பாதிப்பு எல்லாவற்றையும் யாராவது கணக்கிட்டே ஆக வேண்டும்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள். இந்த வேலைகளின் வாசல் பல்கலைக்கழகத்துக்கு முன்பே, மூன்றாம் படிவம் முடிந்து பாடம் தேர்ந்தெடுக்கும் வாரத்தில் திறக்கவோ மூடவோ செய்கிறது. வேதியியல் எடுக்காத பிள்ளை பின்னால் கெமிஸ்டாக முடியாது. கூடுதல் கணிதமும் வேதியியலும் சேர்த்து எடுக்கும் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் வழி இருக்கும், கணக்கியல் பட்டத்துக்கும் அது தடையாகாது. கணக்குக் கோட்பாடு என்ற பாடம் உங்கள் பள்ளியில் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். எஸ்.பி.எம். மலாய் மொழியில் கிரெடிட் இல்லாமல் மேலே சொன்ன அரசாங்கப் பதவி கிடைக்காது. கிரெடிட் கிடைக்காதவர் அந்த ஒரு தாளை மட்டும் மறுபடி எழுதலாம். ஐ.கே.எம். ஆண்டுதோறும் இடைநிலைப் பள்ளி மாணவர்களுக்கு தேசிய வேதியியல் புதிர்ப் போட்டி நடத்துகிறது. பள்ளி பெயர் கொடுக்காவிட்டால் ஆசிரியரிடம் நீங்களே போய்க் கேளுங்கள். பெண் பிள்ளைகளை ‘இரவு ஷிஃப்ட் இருக்கும்’ என்று தடுக்கிறவர்களுக்கு: இயந்திரம் ஓட்டுகிறவருக்கு ஷிஃப்ட் உண்டு. கணக்குப் பிரிவும், டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயைப் பார்ப்பது போன்ற பெரும்பாலான ஆய்வக வேலைகளும் பகல் நேர வேலைதான்.